ஊர்ப்பொருளும் ஊரவர் ஒப்புதலும்

நுழையும்முன்

மக்கள் செலுத்தும் வரியைக்கொண்டு எப்பணியை முதலில் செய்வது, எதற்குக் கடன் பெறுவது, எதனைத் தனியாரிடம் விடுவது, எதனை ஊரே ஏற்று நடத்துவது ஆகியவற்றை முடிவு செய்வது உள்ளாட்சி மன்றத்தின் கடமை. இம்முடிவுகள் நாடாளுமன்ற விவாதங்களைப் போல நாடறியப் பேசப்படுவதில்லை. ஆயினும் குடிக்கும் நீர், நடக்கும் தெரு, இரவில் எரியும் விளக்கு ஆகிய அனைத்தும் இவற்றையே சார்ந்துள்ளன. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இவ்வினாக்களை நேர்நின்று எதிர்கொண்டவர் ஜோசப் சேம்பர்லேன். அவருடைய வாழ்வின் ஒளியையும் நிழலையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

இளமையும் தொழிலும்

ஜோசப் சேம்பர்லேன் 1836ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவருடைய குடும்பத்தார் வழிவழியாகக் காலணி வணிகம் செய்துவந்தனர். அவர்கள் யூனிட்டேரியன் என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தவர்கள். இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராதவர்க்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் பட்டம் வழங்காத காலம் அது. பள்ளியில் சிறந்து விளங்கிய சேம்பர்லேன் 16ஆம் அகவையிலேயே படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தையின் தொழிலில் சேர்ந்தார்.

1854ஆம் ஆண்டு, 18 அகவை இளைஞராக அவர் பர்மிங்காமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருடைய உறவினரான நெட்டில்ஃபோல்டு என்பார் திருகாணித் தொழிற்சாலை ஒன்றை நடத்திவந்தார். அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட புதிய எந்திரங்களை வாங்க அவருக்கு முதலீடு தேவைப்பட்டது. சேம்பர்லேனின் தந்தை பொருள் தந்தார். அப்பொருளின் நலம் காக்க மகனை அனுப்பினார். கணக்கேடுகளைப் பார்ப்பது, விலையைக் கணிப்பது, ஒப்பந்தம் பேசுவது ஆகியவற்றில் இருபது ஆண்டுகள் பெற்ற பயிற்சியே பிற்காலத்தில் நகரப்பணியில் அவருக்குக் கருவியாயிற்று. 1874ஆம் ஆண்டு தம் பங்கை விற்றுவிட்டுத் தொழிலிலிருந்து விலகியபோது அவர் பெருஞ்செல்வராயிருந்தார். அப்போது அவருக்கு அகவை 38.

சிக்கனம் என்னும் பெயரால்

பர்மிங்காம் பட்டறைகளின் ஊர். பொத்தான், பேனாமுள், துப்பாக்கி, நகை, திருகாணி என எண்ணற்ற பொருள்கள் அங்கே உருவாயின. 1838ஆம் ஆண்டில்தான் அவ்வூருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றம் கிடைத்தது. 1871ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 3,40,000ஐத் தாண்டியிருந்தது. எனினும் மாநகரம் என்னும் தகுதி 1889இல்தான் அதற்கு வழங்கப்பட்டது.

மக்கள் பெருகிய விரைவில் ஊர் சீர்பெறவில்லை. 1850களில் நகர்மன்றத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தவர்கள் சிக்கனக் கட்சியினர் எனப்பட்டனர். அவர்களுள் பலர் சிறுகடை வணிகர்கள். உட்மேன் என்னும் மதுவிடுதியில் கூடி அவர்கள் நகரச் செய்திகளைப் பேசி முடிவெடுப்பது வழக்கம். வரியைக் கூட்டாமலிருப்பதே நல்லாட்சி என்பது அவர்களுடைய கொள்கை. சாலைப்பணியையும் சாக்கடைப்பணியையும் அவர்கள் குறைத்தனர்; பட்டறிவுமிக்க பொறியாளரைப் பணியிலிருந்து நீக்கினர். வரிச்சுமையைத் தாங்க இயலாத எளிய வணிகரின் அச்சம் அக்கொள்கைக்குப் பின்னே இருந்தது என்பதையும் மறத்தலாகாது.

ஆனால் செய்யாமல் விட்ட செலவு வேறு வடிவில் திரும்பிவந்தது. நகரின் கழிவுநீர் டேம் ஆற்றில் கலந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிலம் வைத்திருந்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். மக்கள்தொகையின் பெருக்கத்தைக் காரணம் காட்டி ஓர் ஊர் பிறருடைய ஆற்றைக் கெடுத்தல் ஆகாது என நீதிமன்றம் 1858இல் தீர்ப்பளித்தது. ஊருக்குள்ளோ நிலை இன்னும் கொடிது. மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் கிணற்றுநீரையே குடித்தனர். நெருக்கமான குடியிருப்புகளின் நடுவே, கழிவுக்குழிகளின் அருகே தோண்டப்பட்ட கிணறுகள் அவை. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றிய அந்நீர் நோயைச் சுமந்து வந்தது.

நகரத் தொண்டின் அழைப்பு

இந்நிலையை மாற்ற வேண்டும் என்னும் எண்ணம் முதலில் வழிபாட்டுக் கூடங்களில் எழுந்தது. ஜார்ஜ் டாசன், ஆர். டபிள்யூ. டேல் ஆகிய சமயச் சொற்பொழிவாளர்கள், நகர நிருவாகத்தில் நேர்மையோடு உழைப்பதும் இறைத்தொண்டே என்று பரப்புரை செய்தனர். வரியைக் குறைப்பதற்காக மட்டும் மன்றத்துக்குச் செல்லுதல் போதாது. ஏழையின் வீட்டுக்கும் ஒளியும் நீரும் நூலும் சென்றுசேர உழைக்க வேண்டும் என்றனர். ஆற்றலும் கல்வியும் உடையோர் நகர்மன்றத்தை இழிவாகக் கருதி ஒதுங்கியிருந்த காலத்தில், இவ்வழைப்பு அவர்களை மன்றத்தின் பக்கம் திருப்பியது. சேம்பர்லேன் அவர்களுள் ஒருவர். 1869ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் புனித பவுல் வட்டத்தின் உறுப்பினராக அவர் நகர்மன்றத்துள் நுழைந்தார்.

அடுத்த ஆண்டே தேர்தல் அவருக்கு ஒரு பாடம் கற்பித்தது. 1870இல் பள்ளி வாரியத்துக்கு 15 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் 15 வாக்குகள் உண்டு. அவற்றைப் பிரித்தும் அளிக்கலாம், ஒருவர்க்கே குவித்தும் அளிக்கலாம். சேம்பர்லேன் சார்ந்த விடுதலைக் கட்சியினர் பெரும்பான்மை ஆதரவை நம்பி 15 பேரை நிறுத்தினர். வாக்குகள் சிதறின; ஆறு பேர் மட்டுமே வென்றனர். எதிரணியினர் குறைந்த எண்ணிக்கையில் நின்று, வாக்குகளைக் குவித்து வென்றனர். மக்கள் ஆதரவு இருந்தால் மட்டும் போதாது, வாக்களிக்கும் முறையை அறிந்து ஒழுங்குபடுத்தவும் வேண்டும் என்பதைச் சேம்பர்லேன் உணர்ந்தார். வட்டந்தோறும் பொதுக்கூட்டங்கள் கூட்டிக் கட்சி அமைப்பை அவரும் அவருடைய நண்பர்களும் வலுப்படுத்தினர். 1873ஆம் ஆண்டு பள்ளி வாரியத்திலும் நகர்மன்றத்திலும் அவர்கள் வென்றனர். அவ்வாண்டு நவம்பரில் சேம்பர்லேன் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தெரிந்து தெளிவோம்

அக்கால பர்மிங்காம் நகர்மன்றத்தில் 64 பேர் இடம்பெற்றிருந்தனர். அவர்களுள் 48 பேர் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். 16 பேர் அவ்வுறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூத்த உறுப்பினர்கள். வரி செலுத்துவோர்க்கே நகர்மன்றத் தேர்தலில் வாக்குரிமை இருந்தது. 1869ஆம் ஆண்டின் சட்டத்தால், தம் பெயரில் வரி செலுத்திய கைம்பெண்களும் மணமாகாத பெண்களும் அவ்வுரிமையைப் பெற்றனர். நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க 1918 வரை காத்திருக்க நேர்ந்தது. மறைமுக வாக்குச்சீட்டு முறை 1872இல் நடைமுறைக்கு வந்தது.

எரிவாயுக் கணக்கு

பர்மிங்காமின் தெருவிளக்குகளும் வீட்டுவிளக்குகளும் நிலக்கரியிலிருந்து எடுக்கப்பட்ட எரிவாயுவால் எரிந்தன. இரண்டு தனியார் நிறுவனங்கள் அதனை வழங்கின. ஒரே தெருவை ஒரு நிறுவனம் தோண்டி மூடியபின் மற்றொன்று தோண்டும். விலையையும் ஆதாயத்தையும் அவையே தீர்மானித்தன. நகர்மன்றத்துக்கோ வரியே பெரும்பாலான வருவாய். சில பழைய நகரங்களுக்கு இருந்ததைப் போன்று பொதுநிலங்களும் பர்மிங்காமுக்கு இல்லை.

சேம்பர்லேன் இவ்விரு சிக்கல்களையும் இணைத்துப் பார்த்தார். எல்லாருக்கும் தேவையானதும், போட்டிக்கு இடமில்லாததுமான ஒரு பொருளின் ஆதாயம் ஊருக்கே உரியது என்பது அவர் கருத்து. இரு நிறுவனங்களையும் நகர்மன்றமே வாங்கிவிட்டால் தெருக்கள் இருமுறை தோண்டப்படா, விலையைக் குறைக்கலாம், மிகுதியை நகரின் நலவாழ்வுப் பணிகளுக்குச் செலவிடலாம் என்று அவர் திட்டமிட்டார்.

இரு நிறுவனங்களின் விலை ஏறத்தாழ 20 இலட்சம் பவுண்டு. நகரின் அன்றைய கடனைப்போல் அது பன்மடங்கு. வீட்டுவரியைக் குறைப்பதே கடமை எனக் கருதிவந்த மன்றத்தின் முன் இத்தகைய தொகையை வைப்பதற்கு மிகுந்த துணிவு வேண்டும். சேம்பர்லேன் துணிவை மட்டும் நம்பவில்லை, கணக்கை நம்பினார். நகரின் பெயரால் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும். எரிவாயு விற்பனையிலிருந்து வட்டியைச் செலுத்தி, முதலைத் தீர்க்கும் நிதிக்கும் ஆண்டுதோறும் ஒரு பகுதியை ஒதுக்கிய பின்னரும் மிகுதி நிற்கும் என்பதை வரிவரியாக விளக்கினார். கடன் என்பது இரு வகை. உண்டு தீர்ப்பதற்கு வாங்கும் கடன் ஒன்று. தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும் சொத்தை ஈட்டுவதற்கு வாங்கும் கடன் மற்றொன்று. இவ்வேறுபாட்டை உறுப்பினர்கள் உணருமாறு செய்ததே அவருடைய முதல் வெற்றி. 1874ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 13ஆம் நாள் நகர்மன்றம் அத்தீர்மானத்தை 54க்கு 2 என்னும் வாக்கு வேறுபாட்டில் ஏற்றது.

ஊரவர் கூட்டம்

மன்றம் ஏற்றதோடு பணி முடிந்துவிடவில்லை. இத்தகைய கொள்முதலுக்கு நாடாளுமன்றத்தின் தனிச்சட்டம் வேண்டும். அத்தகைய சட்டத்தைக் கோருவதற்கு வரிப்பணத்தைச் செலவிட வேண்டுமாயின், 1872ஆம் ஆண்டின் நகர நிதிச் சட்டப்படி சில படிகளைக் கடக்க வேண்டும். முதலில், மன்றத்தின் மொத்த உறுப்பினர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் தீர்மானத்தை ஆதரிக்க வேண்டும். வருகை தந்தோருள் பெரும்பான்மை மட்டும் போதாது. அத்தீர்மானம் உள்ளூர் நாளிதழில் வெளியிடப்பட வேண்டும். அதன்பின் வரிசெலுத்துவோரையும் சொத்துடையோரையும் பொதுக்கூட்டத்துக்கு அழைத்து அவர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும். கூட்டத்தில் கையுயர்த்தி முடிவு காண்பர். அம்முடிவை ஏற்காதவர்கள் முறைப்படி கேட்டால், தனியே வாக்கெடுப்பு நடத்தப்பட வேண்டும்.

விரைந்து செயல்பட விரும்புவோர்க்கு இது தடையாகத் தோன்றலாம். ஆயினும் அத்தடையில் ஓர் அறம் இருந்தது. கடனைச் சுமக்கப்போகிறவர்கள் எவரோ அவர்கள் முன் கணக்கை விரித்துக்காட்டிய பிறகே கடன் வாங்க வேண்டும் என்பதே அவ்வறம். இருபது இலட்சத்துக்குப் பொறுப்பேற்கப்போகிறோம் என்று கேட்ட கடைக்காரருக்கு ஐயம் எழுவது இயல்பு. அந்த ஐயத்தை அறியாமை எனத் தள்ளாமல், விடை கூறித் தீர்க்க வேண்டிய கேள்வியாகச் சேம்பர்லேன் கருதினார். வணிகக் கணக்கை எளிய மொழியில் மேடையில் விளக்கும் திறன் அவருக்கு இருந்தது.

1875ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தை இயற்றியது. எரிவாயு நிறுவனங்கள் நகரின் உடைமையாயின. முதலாண்டின் மிகுதியைச் சேம்பர்லேன் ஏறத்தாழ 15,000 பவுண்டு என மதிப்பிட்டிருந்தார். கிடைத்ததோ 34,000 பவுண்டு. நாளடைவில் எரிவாயுவின் விலையும் குறைக்கப்பட்டது.

நீர் விற்பனைப் பொருளன்று

எரிவாயுவை அடுத்து அவர் குடிநீரை எடுத்துக்கொண்டார். 1826 முதல் ஒரு தனியார் நிறுவனம் நகருக்கு நீர் வழங்கிவந்தது. கட்டணம் செலுத்த வல்லார்க்கே குழாய்நீர் கிட்டியது. ஏனையோர்க்குக் கிணறே கதி. நிறுவனத்தை வாங்க 13,50,000 பவுண்டு தேவைப்பட்டது.

இங்கேதான் சேம்பர்லேனின் சிந்தனைத் தெளிவு புலப்படுகிறது. எரிவாயுவில் ஆதாயம் வேண்டும் என்று வாதிட்ட அவர், நீரில் ஆதாயம் கூடாது என்றார். எரிவாயு வசதிக்குரிய பொருள். அதனை மிகுதியாகப் பயன்படுத்துவோர் கடைக்காரரும் செல்வருமே. நீரோ உயிருக்குரியது. அதில் கிடைக்கும் மிகுதியைக் கட்டணக் குறைப்புக்கே பயன்படுத்த வேண்டும். நோயுற்ற தொழிலாளி வேலை இழக்கிறான். அவனது குடும்பம் ஏழையர் நிதியை நாடுகிறது. அதனால் வரி கூடுகிறது. எனவே தூய நீருக்குச் செய்யும் செலவு கணக்கேட்டின் பிற பக்கங்களில் சேமிப்பாக மாறும் என்று அவர் காட்டினார். நாடாளுமன்றக் குழுவின் முன் நேரில் தோன்றிச் சான்றுரைத்தார். 1875இல் சட்டம் நிறைவேறியது. 1876 சனவரி முதல் நாள் நீர்நிலையங்கள் நகரின் பொறுப்பில் வந்தன. தீங்கு விளைத்த கிணறுகள் அடுத்தடுத்து மூடப்பட்டன.

துயரினூடே பணி

இவ்வெற்றிகளின் நடுவே அவருடைய இல்லம் இருண்டது. 1861இல் அவர் மணந்த ஹாரியட், 1863இல் மகன் ஆஸ்டினைப் பெற்றெடுத்த சில நாள்களில் காலமானார். 1868இல் புளோரன்சு என்பாரை மணந்தார். 1875ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவரும் மகப்பேற்றின்போது உயிர்நீத்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. அவ்வாண்டிலேயே சேம்பர்லேனின் தாயும் மறைந்தார். எரிவாயுச் சட்டமும் நீர்ச்சட்டமும் நாடாளுமன்றத்தில் இருந்த அதே ஆண்டு அது. செல்வர் இல்லத்திலும் மகப்பேறு உயிரைப் பறித்த காலத்தில், காற்றும் நீரும் கெட்ட சந்துகளில் வாழ்ந்த தாய்மாரின் நிலையை எண்ணிப்பார்க்கலாம். துயரம் அவரை இறுக்கமானவராக்கியது என்பர் அவருடைய வரலாற்றை எழுதியோர். சிறிதுகாலம் ஒதுங்கியிருந்த அவர், மீண்டும் பணியில் மூழ்கினார்.

புதிய வீதியும் பழைய குடியிருப்பும்

அவ்வாண்டிலேயே கைவினைஞர், தொழிலாளர் குடியிருப்பு மேம்பாட்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நலவாழ்வுக்குக் கேடான குடியிருப்புகளை நகர்மன்றங்கள் கையகப்படுத்த அது வழிசெய்தது. பர்மிங்காமின் நடுப்பகுதியில், புனித மேரி வட்டத்தை ஒட்டிய சந்துகளில், ஆண்டுதோறும் ஆயிரவருள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துகொண்டிருந்தனர். செல்வர் வாழ்ந்த எட்ஜ்பாஸ்டனின் இறப்பு வீதமோ அதில் ஒரு சிறு பகுதியே. ஓரூரில் வாழ்வோர்க்கே வாழ்நாள் இவ்வாறு வேறுபடுவதைச் சேம்பர்லேன் மன்றத்தின் முன் வைத்தார்.

அப்பகுதியைத் திருத்திப் புதிய பெருவீதி ஒன்றை அமைக்கத் திட்டம் உருவாயிற்று. நிலத்தை விற்காமல் 75 ஆண்டுக் குத்தகைக்கு விடுவது என மன்றம் முடிவுசெய்தது. குத்தகை முடியும்போது நிலமும் அதன்மேல் எழுந்த கட்டடமும் நகருக்கே திரும்பிவரும். இன்றைய வரிசெலுத்துவோர் தாங்கும் சுமைக்கு, வருங்கால வரிசெலுத்துவோர் பலன் பெறுவர் என்பதே அத்திட்டத்தின் உட்கருத்து. 1878இல் கட்டடங்களை இடிக்கும் பணி தொடங்கியது. அவ்வாறு பிறந்ததே இன்றும் பர்மிங்காமின் நடுவே விளங்கும் கார்ப்பரேஷன் வீதி.

ஆனால் இத்திட்டத்தின் கணக்கில் விடுபட்டோரும் உண்டு. குடிசைகள் இடிக்கப்பட்டன, வீதியின் இருபுறமும் அழகிய கடைகள் எழுந்தன. அங்கு வாழ்ந்த தொழிலாளர்க்கு உரிய வீடுகளோ மிகச் சிலவே, அவையும் பல ஆண்டுகள் கழித்தே, கட்டப்பட்டன. இடம்பெயர்ந்தோர் அருகிலிருந்த நெருக்கமான குடியிருப்புகளில் மேலும் நெருங்கி வாழ நேர்ந்தது. தொழிலாளர் நலத்தின் பெயரால் இயற்றப்பட்ட சட்டம் வணிக வீதியை உருவாக்கிற்று என்னும் குறைகூறல் அன்றே எழுந்தது. அதில் உண்மை இருந்தது.

1876ஆம் ஆண்டு ஜூனில் நாடாளுமன்ற உறுப்பினரான சேம்பர்லேன் மேயர் பதவியிலிருந்து விலகினார். மூன்றாண்டுக்கும் குறைந்த காலமே அவர் அப்பதவியில் இருந்தார். அவர் இட்ட அடித்தளத்தின்மேல் ஊர் தொடர்ந்து வளர்ந்தது. கலைக்கூடத்துக்கென வரிப்பணத்திலிருந்து செலவிடச் சட்டம் வைத்திருந்த வரம்பு மிகச் சிறிது. எனவே எரிவாயுத் துறையே தன் அலுவலகத்துக்கு மேல்தளத்தில் கலைக்கூடத்தையும் கட்டித்தந்தது. அருங்காட்சியகமும் கலைக்கூடமுமாகிய அது 1885இல் திறக்கப்பட்டது.

பேரரசும் வாக்குரிமையும்

சேம்பர்லேனின் பிற்கால வாழ்வு வேறு திசையில் சென்றது. அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் சட்டமுன்வரைவை எதிர்த்து 1886இல் தம் கட்சியிலிருந்து பிரிந்தார். 1895 முதல் 1903 வரை பிரித்தானியப் பேரரசின் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராகப் பணியாற்றினார். 1899இல் தொடங்கிய தென்னாப்பிரிக்கப் போர் அவருடைய காலத்தில் நிகழ்ந்ததே.

இப்பதவியில்தான் அவருடைய வாழ்வு தமிழரின் வாழ்வோடும் தொடர்புகொள்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றவர்களுள் சென்னை மாகாணத் தமிழர் மிகப் பலர். நேட்டால் அரசு இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்க முனைந்தது. அதனை எதிர்த்து ஏறத்தாழ 10,000 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தைக் காந்தியடிகள் 1894இல் திரட்டினார். அவ்விண்ணப்பம் அன்றைய அமைச்சர் ரிப்பன் பிரபுவுக்கு அனுப்பப்பட்டது. 1882இல் இந்தியாவில் உள்ளாட்சித் தீர்மானத்தைக் கொண்டுவந்த அதே ரிப்பனே அவர். அவரையடுத்து அமைச்சரான சேம்பர்லேன், ஆசிய இனத்தாரை வெளிப்படையாகச் சுட்டிய அம்முன்வரைவை ஏற்கவில்லை. ஆயினும் 1896இல், இனத்தின் பெயரைக் குறிப்பிடாமல், நாடாளுமன்ற ஆட்சிமுறை இல்லாத நாட்டினர் என்னும் சொற்களால் அதே விளைவை உண்டாக்கிய சட்டத்துக்கு இசைந்தார். 1902 டிசம்பரில் அவர் டர்பனுக்கு வந்தபோது, காந்தியடிகளின் தலைமையில் இந்தியர் தம் குறைகளை முன்வைத்தனர். வெள்ளையரோடு இணங்கி வாழ்க என்னும் அளவிலான அறிவுரையே விடையாகக் கிடைத்தது.

வரி செலுத்துவோரின் இசைவின்றி ஊர்ப்பணத்தைச் செலவிடலாகாது என்னும் நெறியின்கீழ் உயர்ந்த தலைவர், கடல் கடந்த மண்ணில் உழைத்து வரி செலுத்திய மக்களின் வாக்குரிமை பறிபோவதற்குத் துணைநின்றார். இவ்விரண்டும் ஒரே மனிதரின் வாழ்வில் நிகழ்ந்தவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் வரலாறு ஆகாது.

நிறைவு

1900ஆம் ஆண்டு பர்மிங்காம் பல்கலைக்கழகம் தோன்றப் பெரும்பங்காற்றிய சேம்பர்லேன் அதன் முதல் வேந்தரானார். 1906ஆம் ஆண்டு ஜூலையில் அவருடைய எழுபதாம் பிறந்தநாளை நகரமே கொண்டாடியது. அதற்குச் சில நாள்களின் பின் பக்கவாதம் அவரை முடக்கியது. மேடைகளை ஆண்ட நாவு தளர்ந்தது. எட்டாண்டுகள் நோயோடு வாழ்ந்து, 1914 ஜூலை 2ஆம் நாள் காலமானார். நாட்டின் பெருமக்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோவிலில் இடம் தர முன்வந்தபோதும் குடும்பத்தார் அதனை ஏற்கவில்லை. பர்மிங்காமின் கீ ஹில் இடுகாட்டில், தம் மனைவியரின் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய மகன்களுள் ஆஸ்டின் 1925ஆம் ஆண்டுக்குரிய அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றார். நெவில், தந்தையைப் போலவே பர்மிங்காமின் மேயராகி, நகர்மன்றமே நடத்தும் சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். பின்னாளில் நாட்டின் தலைமை அமைச்சரானார்.

பேரரசைப் பற்றிச் சேம்பர்லேன் தீட்டிய பெருந்திட்டங்கள் காலத்தால் கலைந்துபோயின. அவர் வாங்கித்தந்த நீரும் ஒளியும், அவற்றுக்காக ஊரவர் முன் அவர் விரித்துக்காட்டிய கணக்கும் நிலைத்துநின்றன. ஊர்ப்பொருளைக் கையாள்வோர்க்குத் துணிவு வேண்டும். அத்துணிவுக்குக் கணக்கு துணை நிற்க வேண்டும். அக்கணக்கில் எவரும் விடுபடாதிருக்க வேண்டும். முதலிரண்டிலும் அவர் வென்றார். மூன்றாவதில் அவர் தவறினார். அவருடைய வாழ்விலிருந்து கற்க வேண்டிய பாடம் இம்மூன்றையும் சேர்த்ததே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. எரிவாயுவில் ஆதாயம் வேண்டும் என்றும் குடிநீரில் ஆதாயம் கூடாது என்றும் சேம்பர்லேன் கருதியமைக்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.

2. உங்கள் ஊராட்சியின் அல்லது நகராட்சியின் அண்மைய வரவுசெலவுத் திட்டத்தைக் கேட்டுப் பெற்று, குடிநீருக்கும் தூய்மைப் பணிக்கும் ஒதுக்கப்பட்ட தொகைகளை அட்டவணைப்படுத்துக. அக்கணக்கில் விடுபட்டோர் எவரேனும் உளரா என வகுப்பில் கலந்துரையாடுக.